தூசி ரூமுக்கும் ஒரு சூடம்

மரத்தூள் காய்ந்த துணியில் விழுந்தால் உதறினால் போய்விடும். ஈரத்துணியில் ஒட்டிவிட்டால் மறுபடி அலசத்தான் வேண்டும். என் தங்கை மாலதி கொடியில் போட்ட துணியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை அலசிக்கொண்டிருந்தாள். இந்த விவகாரத்தின் ஆரம்பம் அவ்வளவுதான் சார். பெரிய பகை, சொத்துத் தகராறு என்று எதையும் தேடி அலைய வேண்டாம்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் நான் ‘மரத்தூள்’ என்று சொல்லச் சொல்ல அவர் ‘மரத்தூண்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். மரத்தூண் தீப்பிடித்துப் பெண் பலி என்று கோர்ட்டில் வாசித்தால் ஆட்கள் சிரிப்பார்கள். குப்பு சிரிப்புக்கு உரியவள் அல்ல.

நான் இங்கே வந்தது ஆரோக்கியராஜுக்காக. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், எங்கள் வீட்டுப் பட்டறையில் மிஷின் ஆபரேட்டர். தூசிப் பைகளைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் விட்டான், அந்த அஜாக்கிரதையால்தான் குப்பு செத்தாள் என்று அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் ஸ்குரூ டிரைவரைக்கூடத் துடைத்துத்தான் பெட்டியில் போடுவான். பையைத் தொடாதே என்று அவனிடம் சொன்னது நான். இந்தக் காகிதம் முடியும்போது அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வேண்டியதை விடாமல் சொல்கிறேன்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. வயது ஐம்பத்திரண்டு. கடலூரில் ஒரு சாயப்பவுடர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருபது வருஷம் இருந்தேன். 2004-ல் கம்பெனியை இழுத்து மூடினார்கள். சிதம்பரத்தில் புவனகிரி ரோட்டுப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டு மாடி ரூமுக்கு வந்துசேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு. காற்றடைத்த மனிதர்களைக் கண்டால் அந்தக் காற்றைப் பிடுங்கிவிடக் கை துறுதுறுக்கும். கம்பெனியில் ஒரு மேனேஜர், பாதுகாப்பு வார விழாவில் ஹெல்மெட்டின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கை தட்டி ஓய்ந்ததும் எழுந்து, “சார், நீங்க ஹெல்மெட்டை முன்பின்னா மாத்திப் போட்டிருக்கீங்க” என்றேன். கூட்டம் சிரித்தது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. மனிதர் அதற்குப் பிறகு அளவாகப் பேசினார். வாழ்நாள் முழுக்க நான் செய்துவந்தது இதைத்தான். ஒருவகையில் பொதுத்தொண்டு.

என் தங்கை புருஷன் தாண்டவராயன் கெட்டவர் இல்லை. காற்று மட்டும் ஜாஸ்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்தார். எவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அடித்தாலும் மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட தன் படத்தை வைத்து ‘வாழ்த்தும் அன்பு நெஞ்சம்’ என்று போட்டுவிடுவார். ஒரு தடவை கண்ணீர் அஞ்சலி போர்டில் செத்தவர் படத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டார். காட்டுமன்னார்கோயிலில் இருந்து தூரத்து உறவுக்காரர் இரண்டு பேர் மாலையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது இவரே. அந்த மாலையையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, “இருக்கும்போதே போடுங்க மாமா, அப்பத்தான் சந்தோசம்” என்றார். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இப்படி ஒரு ஆளிடம் என் தொழில் செல்லுபடியாகாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

2010-ல் அவர் சி.என்.சி. மிஷின் வாங்கினார். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் பலகையில் தானாகவே செதுக்கிக் கொடுக்கும் யந்திரம். லாரி வந்து நிற்பதற்கு முன்பே வாசலில் போர்டு நின்றது: ‘கணினிச் சிற்பச் செம்மல் தாண்டவராயன் அவர்களின் அடுத்த அவதாரம்’. அவதார புருஷருக்கு உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. பிளக்கைச் சொருகினால் சாமி வரும் என்று நினைத்தார். சொருகினார். வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டின் தரை வாய்க்கால் மாதிரி சரிந்து கிடந்தது. மிஷினைத் தூக்கி, காங்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்து, கால்களுக்கு அடியில் தகடு தகடாகச் செருகி, நான்கு நாள் தவழ்ந்தேன். ஐந்தாம் நாள் வட்டம் வட்டமாக வந்தது. அவர் அதைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் போடாத குறை.

முதல் பெரிய வேலை நடராஜர். மிஷினில் இடவலமாக ஓடும் மோட்டாரின் ஒயர்களை அன்று காலையில் நான் மாற்றிக் கொடுத்தேன். ஒயர் மாறினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிடும். சிதம்பரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட நடராஜர் தூக்குவது இடது கால் என்று தெரியும். எங்கள் பலகையில் வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். பார்க்க வந்த பத்துப் பேரும் அந்தக் காலைக் கைகாட்டினார்கள். தாண்டவராயன் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டு, “மச்சான், இது மதுரை சாமி. கால் மாறி ஆடினவரு. நம்ம மிஷினு தானாவே மதுர ஆர்டரு கேக்குது பாருங்க” என்றார். அடுத்த மாதமே ஒரு மதுரைக்காரர் அதைக் காரில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். நான் பிடுங்கிய காற்று திரும்பவும் ஏறியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பிறகு தூள். சாதாப் பலகை என்றால் சீவல் விழும். இவர் செய்தது பாதிக்குமேல் அட்டைப் பலகை, எம்.டி.எஃப். அது விடுவது சீவல் இல்லை, முகப்பவுடர் மாதிரி மாவு. வீடு முழுக்க மாவு.

“அண்ணே, நீயும் பாத்துகிட்டுத்தான இருக்கே. சோத்துல தூளு, துணியில தூளு. நேத்து இவரு குடிச்ச மோருல ஒரு பிடி மெதந்துது. பெருங்காயம்னு நெனச்சி ஏப்பம் விட்டுகிட்டே குடிக்கிறாரு” என்றாள் மாலதி.

2011 கடைசியில் தானே புயல் வந்து ஷெட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. புதிதாகக் கட்டும்போது நான் சொன்னபடி கட்டச் சொன்னேன். அதில் ஆரம்பித்து மூன்று மாதம், சார், என் வாழ்க்கையின் நல்ல மூன்று மாதம். மிஷினின் வெட்டும் முனையிலேயே தூளை உறிஞ்ச ஒரு குழாய். தூள் ஒரு கூம்புக்குள் போய்ச் சுழலும். கனமானது கீழே டிரம்மில் விழும். தொழிலில் அந்தக் கூம்புக்குப் பெயர் சைக்ளோன். “ஊரே புயல்ல போயிக் கெடக்கு, எங்கண்ணன் வீட்டுக்குள்ளயே ஒண்ணு கட்டுது” என்று மாலதி எல்லாரிடமும் சொன்னாள். டிரம்மில் விழாத மெல்லிய மாவு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரூமுக்குப் போகும். அங்கே நான்கு நீளத் துணிப் பைகள். காற்று வெளியேறும், மாவு பையில் தங்கும். அதுதான் தூசி ரூம். ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. குழாய் நெடுக மின்சாரம் சேராமலிருக்கச் செம்புக் கம்பி ஓட்டிப் பூமிக்கு இறக்கினேன். கதவில் சிவப்புப் பெயிண்டால் என் கையால் எழுதினேன்: ‘உள்ளே தீக்குச்சிகூடக் கூடாது’.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். பவுடர் கம்பெனியில் வருஷம் ஒரு தடவை வகுப்பு எடுப்பார்கள். ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு ஸ்பூன் மைதாவை உள்ளே ஊதுவார்கள். மூடி உத்திரத்தில் போய் மோதும். குவியலாகக் கிடக்கும் மாவு சாது. காற்றில் மிதக்கும் மாவு அப்படி இல்லை. இருபது வருஷம் அந்த மூடி பறப்பதைப் பார்த்தவன் நான். ஆகவே தெரியாமல் நடந்தது என்று உங்கள் ரைட்டர் எழுத நினைத்தால் வேண்டாம்.

சித்திரையில் திறப்பு விழா. தாண்டவராயன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஓடும் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றார். சட்டையில் ஒரு பொட்டு தூள் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். மைக்கைப் பிடித்தார். “இந்தத் தூசியில்லாத் தொழிற்கூடத்த வடிவமைக்கணும்னு எனக்கு ஒரு கனவு. அந்தக் கனவ நானே கட்டி முடிச்சேன். எங்க மச்சானும் கூடமாட இருந்தாரு.”

கூடமாட. இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் சார். கல்யாண வீட்டில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்குச் சொல்லும் சொல் அது. ஒரு மனிதனைப் பாராட்டுவதுபோலவே காட்டி, அவன் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்ல இதைவிடச் சின்னச் சொல் தமிழில் இல்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அன்றைக்கு அவர் பதினேழு தடவை ‘நான்’ என்றார், ஒரே ஒரு தடவை ‘கூடமாட’ என்றார். எண்ணிக்கொண்டிருக்கவில்லை. காதில் விழுந்தது.

விழா போர்டில் கீழ் ஓரமாகத் தபால்தலை அளவுக்கு என் படத்தைப் போட்டு, ‘உதவி: தெட்சனாமூர்த்தி’ என்று அடித்திருந்தார். எழுத்துப் பிழை கடைப் பையன் செய்ததாம்.

குப்பு மட்டும் என்னிடம் வந்து, “அண்ணே, மேடையில ஆரு பேசுனா என்னா, நீ கட்டுனதுன்னு எனக்குத் தெரியாதா. பைப்புக்குள்ள தோளு வரைக்கும் கைய வுட்டுப் பூசிகிட்டு கெடந்தியே” என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிள்ளைப் பக்கம் மீனவர் குப்பத்துக்காரி. புருஷன் இல்லை. மகள் சுவாதி நர்சுக்குப் படிக்கிறாள். தினம் காலை பஸ்ஸில் வந்து பட்டறையைக் கூட்டுவாள். டிரம்மில் விழுந்த கனமான தூளை மூட்டை கட்டிக் கரைக்கு எடுத்துப்போவாள். ஐஸ் பாளத்தின் மேல் மரத்தூளைப் போட்டு மூடினால் சீக்கிரம் உருகாது, மீன்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். தூசி ரூமைத் தன் மாட்டுக் கொட்டகை மாதிரி பேசுவாள். “ஒன் மிஷினு நல்லாத் தின்னுதுண்ணே. பெருச்சாளி வவுறு” என்பாள். இரண்டு வருஷமாக இருந்த இருமல் அவளுக்கு அந்தக் கோடையில் நின்றுபோனது. அதற்கும் எனக்கு நன்றி சொன்னாள். அந்த வீட்டில் நான் செய்த வேலைக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது.

புரட்டாசி பிறந்ததும் ஆரோக்கியராஜ் வந்து, “அண்ணே, பை நாலும் ரொம்பிடுச்சி. தட்டிடவா?” என்று கேட்டான்.

“ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் சேத்து நானே பாத்துக்கறேன். நீ அந்த ரூம் பக்கம் போவாத” என்றேன்.

ஆயுத பூஜை வருகிறது என்றால் நம் ஊரில் எவனும் எதையும் அதற்கு முன்னால் சுத்தம் செய்வதில்லை. அதனால் அவனுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. இதை அவன் உங்களிடம் முதல் நாளே சொன்னான். நீங்களும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இருந்தது.

பூஜைக்கு ஐந்து நாள் முன்னால் சாப்பிடும்போது தாண்டவராயனிடம் பேச்சை எடுத்தேன். “மச்சான், எல்லாரும் முன்னாடி நிக்கிற மிஷினுக்குத்தான் மாலை போடுறாங்க. செவுத்துக்கு அந்தாண்ட ஒண்ணு மூச்சு முட்ட ஒழைக்குது. அதுக்கு ஒரு சூடம் காட்ட ஆளில்ல.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். “நீங்க சொல்றது நியாயம் மச்சான். நம்ம சட்டை வெள்ளையா இருக்குதுன்னா அது அழுக்காவுறதாலதான். இந்த வருசம் மொத சூடம் அதுக்குத்தான்” என்றார். நல்ல பேச்சு. என் வாயில் இருந்து வந்திருக்க வேண்டியது.

“ஓடிகிட்டு இருக்கிறப்பவே காட்டணும். நின்ன மிஷினுக்குக் காட்டுறது தூங்குறவனுக்கு வணக்கம் சொல்ற மாதிரி” என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

என் கணக்கு எளிமையானது. அவர் பட்டு வேட்டி கட்டி, தாம்பாளத்தில் சூடம் ஏற்றி, ஃபோட்டோகிராஃபர் பின்னால் வர, உள்ளே போவார். மாவு ஒரு தடவை பொங்கும். மீசை போகும். புருவம் போகும். மீசையில்லாத கணினிச் சிற்பச் செம்மலை ஊர் பார்க்கும். அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீசைக்கு ஒரு ஸ்பூன் போதும், நான்கு பைகள் எதற்கு என்று இன்று காலையில் நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஃபிட்டர் வேலையில் எதையும் ஒரு சுற்று கூடவே முறுக்குவது வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் பக்கம் கரண்ட் ஒன்பதுக்கு வந்தால் பன்னிரண்டுக்குப் போய்விடும். எமகண்டம் பத்தரைக்கு முடியும். ஆகவே பத்தே முக்காலுக்கு முகூர்த்தம் குறித்தார் தாண்டவராயன். ஒன்பதரைக்கு நான் தூசி ரூமுக்குள் போய்ப் பைகளின் கழுத்தில் இருந்த பட்டைகளை, காற்று வந்தால் மாவு வெளியே பறக்கும் அளவுக்குத் தளர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். பூஜைக்கு எல்லாக் கதவுகளுக்கும் விபூதிப் பட்டை போடுவது வழக்கம்தானே. அந்தக் கதவுக்கு நான் போட்டேன். மூன்று விரலையும் குழைத்த விபூதியில் தோய்த்து, என் சிவப்பு எழுத்தின் மேலேயே, ஒரு எழுத்தும் தெரியாதபடி அகலமாக மூன்று கோடு. நடுவில் குங்குமம். யாருக்கும் அது கண்ணை உறுத்தவில்லை. நீங்களே மகஜரில் ‘விபூதி பூசப்பட்ட கதவு’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

பத்தரைக்கு எல்லாரும் கூடினார்கள். பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று. மிஷின் மேல் சாமந்தி மாலை. காற்றிழுக்கும் மோட்டாரின் சுவிட்சைப் போட்டது நான். சுவருக்கு அந்தப் பக்கம் ஹோ என்று சத்தம் ஏறியது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன்.

மாலதி தாம்பாளத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “எலுமிச்சம்பழம் பத்தாது போலருக்கே, உள்ள போயி நாலு எடுத்தா” என்று அவளை அனுப்பினேன். மிஷினுக்கு அடியிலேயே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது என்று நீங்கள் எடுத்துக் காட்டினீர்கள். நான் கவனிக்கவில்லை என்று அப்போது சொன்னேன். கவனித்தேன். அவள் என் தங்கை.

தாண்டவராயன் சூடத்தை ஏற்றினார். தாம்பாளத்தைத் தூக்கினார். ஃபோட்டோகிராஃபர் நகர்ந்து இடம் பிடித்தான். அப்போதுதான் அவர் நின்று, கூட்டத்துக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்ற குப்புவைப் பார்த்தார்.

“குப்பு, இங்க வா. அந்த ரூமுக்கு நாங்கல்லாம் விருந்தாளி. தெனம் பாக்குறது நீதான். நீயே காட்டு.”

“அய்ய, நான் எதுக்கு மொதலாளி. தாலியறுத்தவ தட்ட தொடக்கூடாதுன்னு அம்மா கோவிச்சிக்கும்.”

“சூடத்துக்கு அதெல்லாம் என்னா தெரியும். புடி.”

கூட்டத்தில் யாரோ முனகினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. ஃபோட்டோகிராஃபரிடம், “என்ன எடுக்காத, அவள எடு” என்றார். எட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன் சார். ஃபோட்டோவில் இருந்து அவர் விலகி நின்றதை அன்றுதான் பார்த்தேன். அந்த நாளைப் பார்த்து இதற்கென்று தேர்ந்தெடுத்தாரே என்று எனக்குச் சிறிது எரிச்சலாகக்கூட இருந்தது.

குப்பு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தாம்பாளத்தை வாங்கினாள். இரண்டு அடி வைத்துவிட்டு நின்று, திரும்பி, தாண்டவராயனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, ஒன் ரூமு. நான் போவட்டுமா?”

இந்த இடத்தில் நீங்கள் நிறையக் கேட்டீர்கள். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, சுவிட்சை அணைத்திருக்கலாமே என்று. இரண்டும் முடியும். சுவிட்ச் என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் இருபது பேர் நடுவில் என் மானம் போகும். குப்புவின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதை அவள் மகளிடம் சொல்லுங்கள்.

நான் தலையாட்டினேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சம்மதம்தான்.

கதவைத் திறந்து இரண்டாவது அடியில் நடந்தது. நான் நினைத்த அளவுக்குச் சத்தம் இல்லை. ஒரு பெரிய ஆள் பக்கத்தில் நின்று மூச்சை விட்ட மாதிரி. கதவு பிய்ந்து வெளியே வந்து விழுந்தது, பின்னால் மஞ்சளாக நெருப்பு. கூட்டம் தெருப்பக்கம் ஓடியது. தலையாட்டியதுமே நான் தெரு கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். உள்ளே ஓடியது தாண்டவராயன் ஒருவர்தான். பட்டு வேட்டியை உருவிப் போர்த்தி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிராயரோடு, இரண்டு கையும் தோல் உரிந்து, கணினிச் சிற்பச் செம்மல் என் எதிரே நின்றார். மீசையும் இல்லை. இருபது பேர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

குப்பு மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரியில் போனாள். அதற்கு முன்னால் தாண்டவராயனிடம், “மொதலாளி, நான் எதையாச்சும் தட்டிவிட்டுட்டனா? அண்ணன் மிஷினு வீணாப் போச்சா?” என்று கேட்டாளாம். மாலதி சொன்னாள். மாலதிக்கு என்னிடம் எதையும் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

அன்று சாயந்திரமே ஆரோக்கியராஜை ஜீப்பில் ஏற்றினீர்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, நீங்க சொன்னதத்தான அவுரு கேட்டாரு. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே” என்றாள். பார்க்கலாம் என்றேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. தினமும் வந்தாள். தினமும் பார்க்கலாம் என்றேன்.

நேற்று சாயந்திரம் தாண்டவராயன் இரண்டு கைக் கட்டோடும் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார். திரும்பி வந்ததும் மாலதி அழுதுகொண்டே மாடிக்கு வந்து சொன்னாள். அவர் உங்கள் மேஜை முன்னால் நின்று, “அந்தத் தூசி ரூம வடிவமைச்சது நான், கட்டுனது நான், அதுல குத்தம் இருந்தா அது என் குத்தம். அந்தாள வுட்டுட்டு என்ன உள்ள போடுங்க. எங்க மச்சானுக்கும் இதுல எதுவும் தெரியாது, அவுரு சும்மா ஒத்தாசைக்கு நின்னாரு” என்றாராம். உங்கள் ரைட்டர் அதை எழுதி, அவர் பெருவிரல் கட்டுக்குள் இருப்பதால் ரேகை பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாராம்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுங்கள். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அந்த ரூமின் ஒரு செங்கலை அவர் தொட்டதில்லை. கூம்பின் சாய்வு எத்தனை டிகிரி என்று கேளுங்கள், விழிப்பார். பைகளை நிறையவிட்டது நான். பட்டையைத் தளர்த்தியது நான். எழுத்தை மறைத்தது, சுவிட்சைப் போட்டது, மாலதியை அனுப்பியது, தலையாட்டியது எல்லாம் நான், தனியாளாக. யாருடைய ஒத்தாசையும் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ஆரோக்கியராஜ் நான்கு நாள் உள்ளே கிடந்தபோது, அவன் பெண்டாட்டி படியில் உட்கார்ந்து அழுதபோது வராதவன், தாண்டவராயன் பழியை ஏற்றுக்கொண்ட மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது ஏன் என்று.

ஆரோக்கியராஜ் ஒரு தடவைகூட அந்த ரூமைத் தான் கட்டியதாகச் சொல்லவில்லையே சார்.